நறுவிலிக்குளத்துக் கொதிகலன்

தன் பிழையைப் பிறர் காணுமுன் தானே கண்டு, கண்டதை மறையாது உரைத்தல் அறங்களுள் அரியது. அவ்வறம் உடையவர் முருங்கனில் இரும்புப் பட்டறை நடத்தும் சிவராணி அம்மையார். நீராவியின் அமுக்கத்தைத் தாங்கும் கலன்களை வரைந்து, தகடு தேர்ந்து, செய்து கொடுப்பது அவர் தொழில்.

சென்ற மாசியில் நறுவிலிக்குளத்து ஆலைக்காரர் சீவரத்தினத்துக்கு நெல் அவிக்கும் கொதிகலன் ஒன்று செய்தார். முற்றத்தில் ஈரநெல் குவிந்து கிடந்தது, வானம் கறுத்திருந்தது. ஒன்பதரைக்குச் சுபநேரம். முதல் நெருப்பு மூட்டுகையில் வீட்டார் யாவரும் புது இயந்திரத்தைச் சூழ்ந்து நின்று சந்தனம் தொட்டு வைப்பது அவர்கள் வழக்கம். பேரப்பிள்ளைகளும் புத்தாடையோடு வந்துவிட்டனர். நெருப்புக்கு முன் கலனில் நீர் நிரப்பி அமுக்கிச் சோதிக்க வேண்டும், ஆலைக் கிணற்று நீரோ இரும்பை அரிக்கும் உவர். நன்னீர் கொணரும் பவுசர் வண்டியோ வரவில்லை.

“தண்ணி இல்லாட்டி என்ன பிள்ளை? ரயர் கடைக் காத்தை அடிச்சுச் சோதியுங்கோவன்” என்றார் சீவரத்தினம்.

“இல்லை ஐயா. தண்ணியெண்டால், தகட்டு ஒட்டு விட்டாலும் நனையிறதோட போகும். அடைச்ச காத்து வெடிச்சா இரும்பு துண்டு துண்டாப் பறக்கும்.”

“பொங்கல் பானைக்கும் சோதினை வைப்பீங்கள் போல!”

“பானை மூடியை ஆரும் ஆணி போட்டு இறுக்கிறேல்லையே, ஐயா.”

கூடி நின்றோர் சிரித்தனர், சீவரத்தினம் சிரிக்கவில்லை. சுபநேரம் கழிந்தது.

நண்பகலில் பவுசர் வந்தது. கலனை நிரப்பி, எல்லாரையும் மதிலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு, அம்மையார் கைப்பம்பியால் அமுக்கத்தை ஏற்றினார். வேலைசெய்யும் அமுக்கத்தின் ஒன்றரை மடங்கை அளவுமானியின் முள் அணுகுகையில், கலனின் உட்புறம் கழுவவென விட்ட துளையின் விளிம்பில் நீர் கசிந்தது.

தகடுகளை உருக்கி ஒட்டியவரைப் பழித்தல் எளிது. அம்மையாரோ தம் வரைபடத்தை விரித்தார். சீவரத்தினம் கேட்டபடி துளையை இடம் மாற்றி வரைந்தபோது, துளையால் குன்றும் வலுவை ஈடுசெய்யும் வளையத் தகட்டைக் குறிக்க மறந்திருந்தார்.

“ஒட்டினவரில பிழையில்லை, ஐயா. என்ர படத்திலதான் பிழை. ரெண்டு நாள் தாங்கோ.”

சீவரத்தினம் அத்துளை நோக்கிய திசையைப் பார்த்தார். பேரப்பிள்ளைகள் நிற்கவென்று கோலமிட்டிருந்தது அங்கேதான்.

“செய்யுங்கோ பிள்ளை” என்றார்.

இடையில் மழை பெய்தது. குவியலின் ஒருபுறம் முளைகட்டிற்று. வளையம் பூண்ட கலனோ மறுசோதனையில் ஒரு துளியும் விடவில்லை. அது ராகுகாலம் என்று யாரோ முணுமுணுத்தனர்.

“பிள்ளை ஓமெண்டால் நெருப்பை வையுங்கோ” என்றார் சீவரத்தினம்.

கேதீச்சரத்து நாதனும் கௌரியம்மையும் காக்க, சிவராணி அம்மையார் மனையில் விளக்கு நின்றெரிக, உலை ஓயாதிருக, அவ்வில்லத்திலிருந்து வேலைக்குச் செல்வோர் யாவரும் ஊறின்றி மாலையில் மீள்க.