பச்சைமலை இறக்கத்தில்

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு பெண் கொள்ளிடத்து மணலில் நடந்து வருவதை அந்த ஏப்ரல் மாதக் காலையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆற்றில் தண்ணீர் வடகரையை ஒட்டி ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் மணல். குளித்துவிட்டு ஈரப்புடவையைப் பிழிந்துகொண்டிருந்த நான், கிட்ட வந்தபிறகுதான் அது எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர் என்று கண்டுகொண்டேன். புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார். கேன்வாஸ் ஷூ இரண்டையும் கயிறு முடிந்து ஹேண்டில் பாரில் தொங்கவிட்டிருந்தார். பாலம் இருக்கும்போது எதற்கு இந்த வழி என்று கேட்டேன். "பாலத்துல போனா தண்ணியில கால் நனைக்க முடியாதுங்களே டீச்சர்" என்றார். இதைவிட நியாயமான காரணம் உலகத்தில் இல்லை என்பதுபோல் சொன்னார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்துமூன்று வயது. அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கலாம். நான் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் அப்பா, அண்ணா, மன்னியோடு இருந்தேன். அவர் துறையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். திருவானைக்கோவிலில் ஒரு நர்ஸோடு சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருந்தார். பள்ளியில் எங்களுக்குள் பெரிய பேச்சு இருந்ததில்லை. கோடை விடுமுறைதான் எங்களைச் சேர்த்துவைத்தது. நர்ஸ் ஊருக்குப் போயிருந்தார். அவருடைய சைக்கிள் சும்மா நின்றது. எனக்கும் சைக்கிள் விடத் தெரியும். பாவாடை கட்டிய வயதில் அண்ணாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியது. பெரியவளான பிறகு தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நானும் தொடவில்லை.

அந்த மே மாதத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுவோம். வீட்டில் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டுத் திருவானைக்கோவில் வரை நடப்பேன். அங்கிருந்து சைக்கிள். ஒருநாள் முக்கொம்பு, அணையின் நிழலில் உட்கார்ந்து அவர் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சம்பழச் சாதத்தைச் சாப்பிட்டோம். ஒருநாள் மண்ணச்சநல்லூர், அரிசி ஆலைகளிலிருந்து புழுங்கல் நெல்லின் வாசனை சாலைக்கு வந்துகொண்டிருந்தது. புளியமரங்களுக்கு அடியில் நிழலும் வெயிலும் மாறிமாறி முகத்தில் விழ, ஒருவர் பின் ஒருவராகப் போவோம். அவர் அதிகம் பேசமாட்டார். மேட்டில் மிதிக்கும்போது மட்டும், "கீழ பாக்காதீங்க, எட்டப் பாருங்க" என்பார். ஒரு வேலையும் இல்லாமல், யாரையும் பார்க்கப் போகாமல், போவதற்காகவே போவது என்று ஒன்று உண்டு என்பதை நான் அந்த மாதத்தில்தான் அறிந்தேன். வீட்டுக்குத் திரும்பி மன்னிக்குக் காய் நறுக்கிக் கொடுக்கும்போதும் கால்கள் மிதித்துக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும்.

பச்சைமலைக்குப் போகலாம் என்று கேட்டது நான்தான். துறையூர்ச் சாலையில் போகும்போது தூரத்தில் நீலமாகத் தெரிந்த மலையைக் காட்டி, அங்கே போக முடியுமா என்றேன். அவர் யோசித்தார். அடிவாரத்து ஊரில் தன் அக்கா வீடு இருக்கிறது, இரண்டு ராத்திரி தங்க வேண்டியிருக்கும் என்றார். "வீட்ல விடுவாங்களா?" என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. பள்ளியில் சாரணியர் முகாம், மூன்று நாள், டீச்சர்கள் கட்டாயம் வரவேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். பஸ் ஏறும்போது அவர் மறுபடியும் கேட்டார். "வீட்ல எல்லாம் சொல்லிட்டீங்கல்ல?" சொல்லிவிட்டேன் என்றேன். அது பொய்யாகவே எனக்குத் தோன்றவில்லை. ஏதோ ஒன்றைச் சொல்லித்தானே வந்திருந்தேன்.

துறையூர் வரை பஸ்ஸின் தலையில் இரண்டு சைக்கிளும் வந்தன. மறுநாள் விடிந்ததும் மலை ஏறினோம். ஏற்றத்தில் பாதிக்குமேல் தள்ளிக்கொண்டுதான் போனோம். வழியெல்லாம் பலாமரம், அங்கங்கே மரவள்ளிக் காடு. மேலே ஏற ஏறக் காற்றில் ஈரம் வந்தது. திருச்சி வெயிலில் வெந்துகொண்டிருந்த உடம்புக்கு அது நம்பமுடியாததாக இருந்தது. ஒரு பாறைமேல் நின்று கீழே பார்த்தோம். ஏரிகள் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளாகக் கிடந்தன. அவர் அந்தப் பாறையிலேயே கைகளைத் தலைக்குக் கீழே வைத்துப் படுத்துக்கொண்டார். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் டீச்சர். இப்படி எப்பவாச்சும் வந்துட்டுப் போனாப் போதும்" என்றார்.

இறங்கும்போது, முதல் வளைவுக்கு முன்பே அவர் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டார். "சரளைக்கல்லா கிடக்கு. கீழ போறவரைக்கும் தள்ளிக்கிட்டே வாங்க. பிரேக் நிக்காது." நானும் கொஞ்ச தூரம் தள்ளினேன். பிறகு பாதை நேராக ஓடிய ஓர் இடத்தில், "ஒரே ஒரு வளைவு டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன். பின்னாலிருந்து "வேணாங்க, இறங்குங்க" என்று அவர் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. காற்று காதில் அடித்தது, அதனால் கேட்கவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டது. ஒரு வளைவைக் கடந்தேன். இன்னொன்றையும் கடந்தேன். என் வாழ்க்கையில் அந்த அரை நிமிஷத்துக்கு இணையான சந்தோஷம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. மூன்றாவது வளைவில் பின்சக்கரம் சரளையில் வழுக்கியது. சாலையோரக் கல்லில் இடது கை மடிந்து விழுந்தேன்.

தன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு அவர் ஓடிவந்தார். திட்டவில்லை. காற்றடிக்கும் பம்பை என் முன்கையோடு சேர்த்துவைத்து, தன் புடவை முந்தானையைக் கிழித்துக் கட்டினார். பக்கத்துக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் சத்தம் கேட்டு வந்து, என்னைத் தன் குடிசைக்கு நடத்திக்கொண்டு போனாள். டிரில் டீச்சர் என்னை அவளிடம் ஒப்படைத்துவிட்டு அடிவாரத்துக்குப் போனார். அந்தப் பெண் தினைக்கூழ் கரைத்துக் கொடுத்தாள். நான் தயங்கினேன். "மயக்கம் வந்துரும், குடி தாயி. வண்டி வர நேரமாவும்" என்று தானே வாயில் வைத்தாள். வெயில் சாயத் தொடங்கியபோது, அக்கா வீட்டு மாட்டுவண்டியோடு டிரில் டீச்சர் திரும்பி வந்தார். அவருடைய முழங்காலிலும் ரத்தம் உறைந்திருந்தது. என்னைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்ன அதே இறக்கத்தில், எனக்காக அவர் சைக்கிளை விட்டுக்கொண்டு போயிருந்தார். விழுந்தீர்களா என்று நான் கேட்கவில்லை.

துறையூரில் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் மத்தியானம் ஸ்ரீரங்கம் வந்தோம். அவர்தான் வீடுவரை கொண்டுவந்து விட்டார். வாசலில் நின்றபடி, "பச்சைமலை இறக்கத்துல சைக்கிள்லேருந்து விழுந்துட்டாங்க. ஆறு வாரம் கட்டு பிரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க" என்று அண்ணாவிடம் சொன்னார். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வெயிலில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. நான் ரேழியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாயும் திறக்கவில்லை. "போயிட்டு வரேங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

அப்போது கும்பகோணத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. ஜாதகம் பொருந்தி, பெண் பார்க்க நாள் குறிக்கவேண்டியதுதான் பாக்கி. அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அண்ணாதான் கேட்டான். "நீயா போனியா, அவ கூட்டிண்டு போனாளா?"

அண்ணா கெட்டவன் இல்லை. எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டான். நான் உள்ளே நுழைந்துகொண்டேன். "அவாதான். முகாம்னு சொல்லித்தான் கூட்டிண்டு போனா" என்றேன். சொன்ன மறுகணம் வீடே இளகிவிட்டது. மன்னி வந்து தலையைத் தடவினாள். அப்பா, "குழந்தை என்ன பண்ணுவா" என்றார். அந்த ஆறுதல் எனக்கு இதமாக இருந்தது. இன்று நினைத்தால் உடம்பு கூசுவது, சொன்ன பொய்க்காகக்கூட அல்ல, அந்த இதத்துக்காக.

அப்பா தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதினார். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பே எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார்கள். அண்ணா என்னோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தலைமையாசிரியை நல்லவர், கண்டிப்பானவர். கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, "இதுல இருக்கறது உண்மையா?" என்று என்னைத்தான் முதலில் கேட்டார். டிரில் டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. நான் ஏதோ சொல்லப்போகிறேன், அது எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்புகிற பார்வை. நான் மேஜைமேல் இருந்த மைப்புட்டியைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம் மேடம்" என்றேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் என் கையில் இருந்த மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "கூட்டிட்டுப் போனது நான்தாங்க மேடம். அடிபட்டதுக்கு நான்தான் பொறுப்பு."

முகாம் என்று நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மறுத்திருந்தால், வாதாடியிருந்தால், அழுதிருந்தால் ஒருவேளை எனக்கும் வாய் திறந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இதுவும் நான் தேடிக்கொண்ட சமாதானம்தான். வெளியே வரும்போது வராந்தாவில் அவர் என் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றார். "ரொம்ப வலிக்குதுங்களா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அண்ணா எழுந்து வந்தான். அவர் போய்விட்டார். பள்ளி திறந்தபோது அவர் இல்லை. திண்டுக்கல் பக்கம் எங்கோ போய்விட்டதாகத் தமிழ் டீச்சர் சொன்னார். அதற்குமேல் நான் விசாரிக்கவில்லை.

கும்பகோணத்து வரனே அமைந்தது. கை எப்படி ஒடிந்தது என்று அவர்கள் வீட்டில் கேட்டதற்கு, கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று அப்பா சொல்லியிருந்தார். வேலையை விட்டேன். பெண் பிறந்தாள். மலைக்குப் போய்வந்து ஆறு வருஷம் கழித்து ஒரு தைமாதம், பிறந்தகத்துக்கு வந்திருந்த நான், கணவரோடும் குழந்தையோடும் சத்திரம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரே மாதிரி வெள்ளைச் சீருடையில், ஏதோ விளையாட்டுப் போட்டிக்கு வந்தவர்கள்போல, சிரித்துப் பேசிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். அவர்களுக்குப் பின்னால் அவர் வந்தார். அதே கேன்வாஸ் ஷூ. காதோரம் கொஞ்சம் நரைத்திருந்தது. வேறொரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது என்று உடனே புரிந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து நேராக என்னிடம் வந்தார்.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா? கை சரியாப் போச்சா?"

என் கணவர் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "யாரு?" என்றார்.

"தெரியலையே. வேற யாரையோ நினைச்சுண்டு கேக்கறா போலிருக்கு" என்றேன்.

இதைச் சொல்லும்போது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முதல் தடவை மைப்புட்டியைப் பார்த்திருந்தேன். இந்தத் தடவை முகத்தையே பார்த்துச் சொன்னேன். அவர் என் கணவரையும், இடுப்பில் இருந்த குழந்தையையும் மாறிமாறிப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது என்று தெரிந்தது. "ஆமாங்க. அடையாளம் தப்பாப் போச்சு. மன்னிச்சுக்குங்க" என்றார், என் கணவரிடம். பிறகு தன் பெண்களை நோக்கி வேகமாக நடந்தார். "பாவம், நல்ல மனுஷியாட்டம் இருக்கா" என்றார் இவர்.

இருபது வருஷத்துக்குப் பிறகு, பெண்ணின் கல்யாணமெல்லாம் முடிந்து ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம், இவரிடம் முழுவதையும் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கேட்டு முடித்ததும், "சைக்கிள்ல மலையேறின பொண்ணுன்னு சொல்லியிருந்தா, எனக்கு இன்னும்னா பிடிச்சிருக்கும்" என்றார். பிறகு, "அவாளை எங்கேயாவது தேடிப் பார்த்தியோ?" என்று கேட்டார். கல்யாணம் நின்றுவிடும் என்ற பயத்தைத்தான் அதுவரை எனக்குத் துணையாக வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அதுவும் போயிற்று.

இருவருமாகத் துறையூருக்குப் போனோம். அடிவாரத்தில் அவர் அக்காவின் மகன் இருந்தார். சித்தி காலமாகி மூன்று வருஷம் ஆகிறது, கடைசிவரை கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, சைக்கிளில்தான் எங்கும் போவார் என்றார். "நீங்க சித்திக்கு என்ன வேணுங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். கூட வேலை பார்த்தவள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது கேட்பதற்கு அப்பா இல்லை, அண்ணா இல்லை, அந்தத் தலைமையாசிரியையும் இல்லை. இவரும் போய்விட்டார். இருந்தாலும் அந்த அறையில் சொல்லவேண்டியிருந்ததை ஓர் இடத்திலாவது எழுதிவைக்க வேண்டும். மேடம், மலைக்குப் போகலாம் என்று கேட்டது நான். வீட்டில் பொய் சொன்னது நான். வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.