மாமா பிடித்த புகை

கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத வருஷங்கள் அவை. அவிநாசியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தையல் கூடம். அங்கே அம்மா பனியன் தைப்பாள். கரண்ட் போனால் வாசலில் மண்ணெண்ணெய் ஜெனரேட்டர் உறுமும். அதன் புகை நேரே பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குப் போகும். அங்கே காய்வதோ வெளுத்த வெள்ளைத் துணி.

"ஏனுங்க, உங்க கரியெல்லாம் எங்க துணி மேலதானுங்க உழுகுது. இனி ஓட்டுனீங்கன்னா நான் சும்மா இருக்கமாட்டனுங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா மரியாதை குறையாமல் மிரட்டிவிட்டுப் போனார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அதற்கெல்லாம் அசருகிற ஆளா? "சமையல் கேஸையே தண்ணியாக்கி சிலிண்டர்ல அடைக்கறாங்க, பொகைய அடைக்க முடியாதா?" என்றார். ஜெனரேட்டரைக் கூடத்துக்குள் இழுத்து வந்தார். அதன் புகைக்குழாயைப் பனியன் வேஸ்ட் துணி திணித்த டிரம்முக்குள் விட்டார். அங்கிருந்து பழைய பிரிட்ஜின் கம்ப்ரசர், அதிலிருந்து ஒரு காலி சிலிண்டர். துளிப் புகை தப்பக்கூடாதென்று ஜன்னல்களையும் சாத்தினார்.

சிலிண்டர் வெடித்த கதைகளைப் பள்ளிக்கூடத்தில் நிறையக் கேட்டிருந்தேன். "அம்மா, வா போயர்லாம்" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். "சும்மா இரு கண்ணு, இன்னைக்கு ஆர்டர் முடிக்கோணும்" என்றாள்.

மாமா கூடத்தின் நடுவே ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு ஜெனரேட்டரை ஓட்டினார். எங்கள் ஊரில் அழுக்கு என்றால் வெள்ளைத் துணியில் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அழுக்கே இல்லை. நெடுநேரம் ஓடியும் துணியில் ஒரு பொட்டுக் கரி இல்லை. "பாத்தீங்களாக்கா, மொத்தமும் புடிச்சாச்சு!" என்று அம்மாவிடம் குதித்தவர், பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காட்ட அழைத்துவர ஓடினார்.

அவர் போனதும் சிலிண்டர் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. ஐயோ, செத்தோம் என்று நினைத்தேன். அம்மாவோ "தல வலிக்குது கண்ணு" என்று முனகியபடி மெஷின் மேல் சாய்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் அவளைப் பிடித்து, அழுதுகொண்டே வெளியே இழுத்துவந்தேன். வாசலில் தடுமாறி விழுந்து, வாந்தி எடுத்தாள்.

சிலிண்டர் வெடிக்கவில்லை. மாமா வந்து ஜெனரேட்டரை நிறுத்தி, சிலிண்டரைத் திறந்து கவிழ்த்தால், கொஞ்சம் கறுத்த தண்ணீர் சொட்டியது. "பொகை தண்ணியாயிருச்சு!" என்றார். பக்கத்து வீட்டு அக்கா துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்தார்கள்.

டிரம்மில் இருந்த துணி கரியைத்தான் பிடித்தது. சொட்டியது புகையோடு வந்த நீராவி குளிர்ந்த தண்ணீர்தான். ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு வாயு டிரம்மிலிருந்து கசிந்து, நிறமும் மணமும் இல்லாமல் அந்தக் கூடத்தில் நிறைந்திருந்தது. அதைத் திரவமாக்க எந்த பிரிட்ஜ் கம்ப்ரசராலும் ஆகாது. இதெல்லாம் கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று நான் நினைத்ததெல்லாம், நான் இழுத்த இழுப்பில்தான் அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று. "இனிமே உன்னைய இழுக்கவே மாட்டேம்மா" என்று அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.