வெயிலில் உருவிப் போட்ட ஃபிலிம்

எண்பத்திரண்டாம் வருஷம் என்று நினைக்கிறேன். ஆரணியில் ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திவந்த தோல் நோய் கிளினிக்கில் எனக்கு வேலை. போளூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். போர்டில் தோல் நோய் என்று எழுதியிருந்தாலும் நாங்கள் பார்த்தது பெரும்பாலும் தொழுநோய்தான். அந்தப் பெயரைப் போர்டில் எழுதினால் ஒருத்தரும் வாசலை மிதிக்க மாட்டார்கள்.

ஒரு நாள் காலை, உள்ளே நுழைந்ததும் சூபர்வைசர் கூப்பிட்டார். "ஜப்பான்லேர்ந்து ஒரு டாக்டரம்மா வந்துகீறாங்க. ரெண்டு வாரம் இருப்பாங்க. நீதான் இங்கிலீஷ் படிச்ச பொண்ணாச்சே, கூட இட்டுகினு போம்மா" என்றார். எனக்கு அப்போதே தலைவலி ஆரம்பித்துவிட்டது. நான் படித்த இங்கிலீஷ் பரீட்சை எழுத உதவியது, அவ்வளவுதான். அந்த அம்மாவின் இங்கிலீஷ் என்னுடையதற்கும் ஒரு படி கீழே. நாங்கள் பேசிக்கொண்டதை ஒரு வெள்ளைக்காரன் கேட்டிருந்தால் வந்த வழியே திரும்பிப் போயிருப்பான்.

அறுபது வயது தாண்டியவர். என் தோள் உயரம்தான் இருப்பார். தலையில் துணித் தொப்பி, கழுத்தில் கேமரா, கையில் துணி சுற்றிய ஒரு மரப்பெட்டி. அந்தப் பெட்டியின் முன்பக்கம் ஒரு குட்டி நாடக மேடை மாதிரி கதவு வைத்துத் திறக்கும். உள்ளே பெரிய பெரிய பட அட்டைகள். ஒவ்வோர் அட்டையாகப் பக்கவாட்டில் உருவிக்கொண்டே கதை சொல்ல வேண்டும். ஜப்பானில் ஒரு காலத்தில் இப்படிப் பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்களாம். கமிஷிபாய் என்று பெயராம். இவர் அதையே வைத்தியத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். தன் கையால் வரைந்த அணில் கதை. அணிலின் கையில் ஒரு வெளுத்த தேமல் வரும். அங்கே எறும்பு கடித்தாலும் அதற்கு வலிக்காது. ஆந்தை வைத்தியர் மருந்து கொடுப்பார், அணில் குணமாகும், கடைசிவரை மற்ற அணில்கள் அதோடு சேர்ந்தே விளையாடும். இவ்வளவுதான் கதை.

ஆனால் அந்தப் பெட்டி என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே. பஸ்ஸில் கீழே வைக்கக் கூடாது, மேலேயும் போடக் கூடாது. "அது இன்னாம்மா, சாமி பொட்டியா?" என்று கண்டக்டர் கேட்பார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். கடைசியில் அது என் மடியில்தான் பயணம் செய்யும். கதை சொல்லும்போது நான் கொஞ்சம் வேகமாகத் தமிழில் சொல்லிவிட்டால் போச்சு, அந்த அம்மா அட்டையைப் பாதி உருவியபடியே நிறுத்திவிடுவார். பிள்ளைகள் படத்தைப் பார்த்து முடிக்க வேண்டுமாம். நெசவாளர் தெருக்களில் காலை நேரத்தில் தெரு நீளத்துக்குத் தறி நூலை இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருப்பார்கள். நாங்களெல்லாம் ஓரமாக ஒதுங்கிப் போய்விடுவோம். இவர் நின்றுவிடுவார். நூலைச் சுருட்டி எடுக்கும்வரை, ஏதோ கோயிலில் தீபாராதனை பார்ப்பதுபோல. நான் மணியைப் பார்த்துப் பார்த்து நொந்துபோவேன்.

படம் எடுப்பது அதைவிட. ஊழியர்களுக்குப் பாடம் நடத்தப் படங்கள் வேண்டும் என்றார். சரி என்று நோயாளிகளிடம் சொன்னால், அவர்கள் தலை சீவி பவுடர் பூசிக்கொண்டு வருவார்கள். இவரோ முகத்தை எடுக்கவே மாட்டார். கை, கால், முதுகு மட்டும். அதற்கும் ஒருமுறை அனுமதி கேட்பார், நான் கேட்டுச் சொல்வேன், மறுபடியும் கேட்கச் சொல்வார். "எட்துக்கோன்னு சொல்ட்டேனேம்மா, மூஞ்சிய உட்டுட்டு கைய எடுக்கறதுக்கு இம்மாம் பேஜாரா?" என்று ஒரு பெரியவர் என்மேல்தான் எரிந்து விழுந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பள்ளிக்கூடம். நெசவாளர் தெருக்களுக்கு நடுவில் இருந்த சின்னப் பள்ளிக்கூடம் அது. கதை முடிந்ததும் ஒரு விளையாட்டு வைப்போம். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பஞ்சால் கையில் தொடுவோம், தொட்ட இடத்தை அவர்கள் விரலால் காட்ட வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே காட்டினார்கள். பத்து வயது இருக்கும், ஒரு பெண் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தாள். தொட்டதே அவளுக்குத் தெரியவில்லை. அவள் சட்டைக் கைக்குக் கீழே வெளுத்த தேமல் ஒன்று.

டாக்டரம்மா முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. மற்ற பிள்ளைகளுக்கும் ஒரு சுற்றுத் தொட்டுவிட்டு, கடைசியாக டீச்சர் அறையில் அவளைத் தனியாகப் பார்த்தார். படம் எடுக்கலாமா என்று அவளிடம் கேட்டார், டீச்சரிடம் கேட்டார், ஜன்னல் வெளிச்சத்தில் கையை மட்டும் ஒரு படம் எடுத்தார். அம்மாவோடு கிளினிக்குக்கு வரச் சொல்லுங்கள் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

தெருமுனையைத் தாண்டுவதற்குள் பின்னாலேயே ஓடிவந்துவிட்டார் அந்தப் பெண்ணின் தாய். தலைமுடி அவிழ்ந்திருந்தது, புடவையெல்லாம் பட்டு நூல் பிசிறு. மகள் ஓடிப்போய்ச் சொன்னதும் தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும்.

"யாரக் கேட்டு எம்பொண்ண படம் எட்த்தீங்க?"

அவர் குரலைக் கேட்டு அக்கம்பக்கத்தில் தலைகள் எட்டிப் பார்த்தன. "இன்னா விஷயம்?" என்று ஒருவர் கேட்டார். அந்தத் தாய் உடனே குரலை இறக்கிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, சும்மா பேசிகினு கீறோம்" என்றார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி ஒரு பாட்டம் திட்டினார்.

"முகத்த எடுக்கலம்மா, கைய மட்டும்தான். யாருக்கும் தெரியாது" என்றேன்.

"கைன்னா? அவ மணிக்கட்டுல சுடுதண்ணி கொட்ன தழும்பு கீது. எங்க தெருவுல யாரக் கேட்டாலும் அது யார் கைன்னு சொல்லுவாங்க. பெரியவளுக்கு பெரணமல்லூர்ல பேசி முடிச்சிகீறோம். இது அவங்க காதுக்குப் போனா அந்தப் பொண்ணு கதி இன்னா?"

(தழும்பையும் ஊரையும் மாற்றித்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.)

டாக்டரம்மா என் கையைத் தொட்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டார். கொஞ்சம் கவலைப்படுகிறார் என்று சொல்லிவைத்தேன். அவர் விடவில்லை. இவ்வளவு நேரம் பேசியதற்கு அர்த்தம் அவ்வளவுதானா, முழுதும் சொல் என்றார். வேறு வழியில்லாமல் திட்டியதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னேன். தழும்பைப் பற்றிச் சொன்னதும் டாக்டரம்மாவின் முகம் வெளிறிப்போனது.

அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. கேமராவின் பின்கதவைத் திறந்தார். சுருளின் நுனியைப் பிடித்து, அந்த உச்சி வெயிலில் ஃபிலிமை முழுதாக உருவினார். நான் "நோ, நோ" என்று கையைப் பிடித்தேன். பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கதை கேட்ட படங்கள் எல்லாம் அந்தச் சுருளில்தான் இருந்தன. அவர் நிறுத்தவில்லை. உருவியதைச் சுருட்டி இரண்டு கையாலும் அந்தத் தாயிடம் கொடுத்து, இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

அந்தத் தாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இதுல இனிமே ஒண்ணும் தெரியாதா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாதும்மா. வெயில் பட்டாலே போச்சு."

அதை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஃபிலிமைக் கழுவிய பிறகு அந்த ஒரு படத்தை மட்டும் வெட்டிக் கொடுத்திருக்கலாமே, இத்தனை நாள் உழைப்பை ஏன் இப்படி நாசமாக்கினீர்கள், அந்தப் பெண்ணும் இனி வைத்தியத்துக்கு வரப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு விஷயம் சொன்னார். ஜப்பானில் இந்த நோய் வந்தவர்களைத் தீவுகளில் இருந்த ஆஸ்பத்திரிகளில் ஒதுக்கி வைத்திருந்தார்களாம். குடும்பத்துக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதென்று பலர் தங்கள் பெயரையே மாற்றிக்கொண்டார்களாம். இளம் டாக்டராக இருந்தபோது ஒரு நோயாளியை இவர் எடுத்த படம் வைத்தியப் புத்தகத்தில் வந்திருக்கிறது. கண்ணை மறைத்துத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் அந்த நோயாளியின் ஊரிலிருந்து வைத்தியம் படிக்க வந்த ஒருவன் கையைப் பார்த்தே ஆளை அடையாளம் கண்டுவிட்டான். அந்த நோயாளியின் தங்கைக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது.

நாளைக்கு வெட்டிக் கொடுக்கிறேன் என்றால், இன்று ராத்திரி அந்தத் தாய் தூங்க முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான் என்று எனக்கும் பட்டது. ஆனாலும் கோபம் போகவில்லை.

அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒரு நாள் காலை போளூர் பஸ் ஸ்டாண்டில் அந்தத் தாய் நின்றுகொண்டிருந்தார். சந்தைக்கு வந்தவர்போலக் கையில் ஒரு கூடை. நான் தினமும் அங்கேதான் பஸ் ஏறுவேன் என்று யாரிடமோ விசாரித்திருக்க வேண்டும்.

"எம்பொண்ணுக்கு மாத்திர குடுப்பியா? நா உங்க கிளினிக்குக்கு வரமாட்டேன். நீயும் எங்க தெருப் பக்கம் வரக் கூடாது."

அதற்குப் பிறகு நான் பட்டதைச் சொல்லி மாளாது. எங்கள் கிளினிக் டாக்டர் என் வீட்டுக்கே வந்து, உறவுக்காரப் பெண் என்ற பெயரில் அவளைப் பரிசோதித்தார். மாத்திரை கைமாறும் இடத்தை அந்தத் தாய் மாதாமாதம் மாற்றுவார். ஒரு மாதம் போளூர் சந்தை, அடுத்த மாதம் சந்தவாசல் பஸ் நிற்கும் இடம். சில நாள் நான் வெயிலில் காய்ந்து திரும்பிய பிறகு, "தெரிஞ்சவங்க பஸ்ல இருந்தாங்க, அதான் எறங்கல" என்பார். சூபர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு, "இன்னாம்மா இது, சாராயம் விக்கறாப்ல மாத்திர குடுத்துகினு கீற" என்பார். ஆனால் ஒருமுறைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஒரு மாத்திரைகூட விடாமல் அந்தப் பெண் சாப்பிட்டு முடித்தாள். தேமல் மங்கியது. விரல் ஒன்றும் மடங்கவில்லை.

நடுவில் பெரியவளின் கல்யாணம் வந்தது. அந்தத் தாய் சந்தையில் என்னைப் பார்த்து, கூடைக்குள்ளிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்து நீட்டினார்.

"உனுக்கு வெக்காம இருக்க மனசு வரல. ஆனா கல்யாணத்துக்கு வந்துடாதம்மா" என்றார்.

சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் வாங்கிக்கொண்டேன். போகவில்லை.

அந்தச் சின்னப் பெண்ணுக்கும் பிறகு கல்யாணமாகிக் குழந்தைகள் பிறந்தன. எப்போதாவது ஆரணி கடைத்தெருவில் எதிரே வருவாள். அவள் என்னைத் தெரியாததுபோலப் போவாள், நானும் அப்படியே போவேன். முதலில் அது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஒருத்தருக்கு நோயைக் குணமாக்கினால் மட்டும் போதாது, நாம் குணமாக்கினோம் என்பதே ஊருக்குத் தெரியாமல் விலகி நடக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது ஒவ்வொரு முறை அவளைக் கடந்து போகும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.