டீக்கடையில் நான் நடத்திய அமெரிக்கா

ஓய்வு பெற்ற பிறகு நான் அதிகம் பேசியது அமெரிக்காவைப் பற்றித்தான். கல்பாக்கத்தில் ஆராய்ச்சி வேலை பார்த்துவிட்டு மாமல்லபுரத்தில் வீடு கட்டிக்கொண்டவன் நான். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால் மனைவியைத்தான் கேட்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்தில் எந்த மசோதா இழுபறியில் இருக்கிறது என்று கேட்டால் நான் சொல்வேன்.

காலையில் பஸ் நிலைய டீக்கடையில் என் கச்சேரி. “இன்னா சார், உங்க அமெரிக்கா இன்னா சொல்து?” என்று கடைக்காரர் கிளறிவிடுவார். வெளிநாட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள், விசாவை இறுக்குகிறார்கள் என்று செய்தி வந்தபோது நான் அதை ஆதரித்தேன்.

“வீட்டுக்கு வேலி வேண்டாமா? சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்.”

“உன் புள்ளயே அங்கதான கீறாரு சார்?”

“அவன் முறையாப் போனவன். அவனுக்கென்ன?”

“இந்த ஊர்ல எவனாவது வேலி போட்டா மொதல்ல நீதான் சார் வெளிய போவ. நீ திருச்சிக்காரன்!”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அதே கருத்தைக் குடும்பக் குரூப்பில் நீளமாக எழுதினேன். மகன் பதில் எழுதவில்லை. ஒப்புக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி தவறிப்போனபோது மகன் வந்துவிட்டுப் போனான். அடுத்த வருஷம் தலைத்திவசத்துக்கு வர முடியாது என்று போனில் சொன்னான். “விசா புதுப்பிக்கணும்ப்பா. அங்க வந்துட்டா தூதரகத்துல எப்ப தேதி கிடைக்கும்னு தெரியல. திரும்ப விடுவாங்களான்னும் தெரியல. பாப்பா ஸ்கூலு, வேலை எல்லாம் இங்க இருக்கு.”

“பெத்தவளைவிட அந்த ஊர் உனக்குப் பெரிசாப் போச்சா?” என்று கேட்டேன்.

அவன் குரலை உயர்த்தவில்லை. “நீங்கதானேப்பா எழுதினீங்க, சட்டம்னா எல்லாருக்கும்னு. இந்த விசா பயம் எங்களுக்கு ரொம்ப நாளா இருக்கு. அம்மாவுக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அம்மாதான் சொன்னாங்க. சொன்னா டீக்கடை வரைக்கும் போயிடுமாம்.”

பக்கத்து அறையில் அவள் மகனோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. நான் இந்த அறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு அமெரிக்கச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடற்கரையில் மகன் செய்ய வேண்டியதை நானே செய்தேன். சொம்பில் சாய்த்து வைத்த போனில் அவன் கைகூப்பி உட்கார்ந்திருந்தான். பிண்டத்தை அலையில் விட்டுத் திரும்பியபோது, தோளைப் பிடித்துக் கரையேற்ற ஆளில்லை. ஈரவேட்டி காலில் தடுக்கியது.

என் கருத்து மாறிவிட்டதா என்றால், இல்லை. ஒரு நாட்டுக்கு விதிகள் வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு ருசி இருந்தது. யாரோ முன்பின் தெரியாதவர்களின் பெட்டிகள் வாசலில் கிடப்பதைப் பார்க்கிற ருசி. அதற்குத்தான் வெட்கப்படுகிறேன். மகனிடம் இதைச் சொல்ல முயன்றேன். “பரவால்லப்பா, சாப்டீங்களா?” என்றான். இப்போதெல்லாம் சர்க்கரை, மழை, சாப்பாடு, இவ்வளவுதான் பேசுகிறான். கவலை எதையும் என்னிடம் சொல்வதில்லை. சொல்லாமலிருக்க அவனைப் பழக்கியது நான்தான்.

டீக்கடைக்கு மட்டும் போகிறேன். வீட்டில் பேச்சுக்குரல் கிடையாது.

“இன்னா சார், அமெரிக்கா இன்னா சொல்து?”

“இன்னும் தேதி குடுக்கல” என்கிறேன்.