கும்பகோணத்தில் ஒரு ஜோகெட்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த காலத்தில் எனக்கு ஆறு மாதம் மலாக்கா, ஆறு மாதம் கும்பகோணம். இரண்டு ஊரிலும் நாதஸ்வரம்தான் பிழைப்பு. மலாக்காவின் காஜா பேராங் பகுதியில், பல தலைமுறைக்கு முன்பே குடியேறித் தமிழ் மறந்துபோன செட்டிகளின் வீட்டுக் கல்யாணங்களில் தாலி ஏறிக் கெட்டிமேளம் ஓய்ந்ததும் கெபாயா என்ற மலாய்ச் சட்டை போட்ட பெண்கள் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். அவர்கள் பேசுவது மலாய். “ஜோகெட், பாங்!” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்பார்கள். அந்த மலாய் ஆட்ட மெட்டை வாசிக்காமல் என்னை எழவிட மாட்டார்கள். நாதஸ்வரத்தில் ஜோகெட்டா என்று முதலில் எரிந்து விழுந்தேன். மூன்றாம் வருஷம் யாரும் கேட்காமலே விரல் அதற்குப் போய்விடும்.

அந்தப் பழக்கம் கும்பகோணத்தில் என் கொழுந்தியாள் கல்யாணத்தில் மானத்தை வாங்கியது. கெட்டிமேளம் முடிந்தது, நான் முடிக்கவில்லை. ஜோகெட் பாய்ந்து வந்துவிட்டது. தவில்காரர் முறைத்துக்கொண்டே கூட வாசித்தார். மாமனார் எழுந்து வந்தார்.

“என்ன மாப்ளே இது?”

“மலாக்காவுல வாசிக்கிறது மாமா. கை தவறிடுச்சு.”

“தவறினது தவறிடுச்சு, இன்னொரு தரம் வாசிங்க. கால் சும்மா நிக்க மாட்டேங்குது.”

ஜோகெட் தொல்லைக்குத் தப்பத்தான் ஊருக்கு ஓடி வருவேன். அன்றிலிருந்து ஊரிலும் என்னை எழவிடுவதில்லை.