பச்சையாக எரிந்த சீவல்

பட்டாசு அனுப்பும் மரப்பெட்டிகளுக்கு ஆணி அடிக்கிற வேலையில் பல வருஷம் இருந்தேன். அட்டைப்பெட்டி வந்ததும் அந்த வேலை நின்றுபோனது. சுத்தியலும் இழைப்புளியும் என்னோடு வீட்டுக்கு வந்தன. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் முன்னால் போய் நிற்க எனக்குக் கூச்சம். அதனால் மணை, முக்காலி என்று ஏதாவது செய்து கொடுத்தனுப்பிவிடுவேன்.

எங்கள் வீட்டுக்கு செல்போன் வந்த வருஷம், தாயில்பட்டியில் கட்டிக்கொடுத்த மகளின் பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருந்தான். மருமகனுக்குப் பட்டாசு ஆலையில் கலர் மருந்து கலக்குகிற வேலை. ஒருநாள் பைக்கில் நாலு பழைய பலகைகளைக் கட்டிக்கொண்டு வந்தார்.

“அத்த, பேரனுக்கு ஒரு நடைவண்டி செஞ்சு குடுங்க.”

மருமகன் முன்னால் நின்று பேசுவது எங்களுக்குப் பழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடியே, “பலகை எங்கன கெடச்சுது?” என்று கேட்டேன்.

“சும்மா கெடந்துச்சு” என்றவர், காப்பிகூடக் குடிக்காமல் பைக்கை உதைத்துவிட்டார்.

சும்மா கிடக்கிற பலகைக்கு இவ்வளவு அவசரம் எதற்கு என்று அப்போதே உறுத்தியது. ஒரு பலகையை இழைத்து, சீவலை அடுப்பில் போட்டேன். ஓரமெல்லாம் பச்சையாக எரிந்தது. வேறு கட்டையில் சீவி எடுத்ததையும் போட்டுப் பார்த்தேன். அது சாதாரணமாக எரிந்தது. பட்டாசு மருந்தில் எந்த உப்புக்கு எந்த நிறம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சை கொடுக்கிற உப்பு வயிற்றுக்குள் போனால் விஷம். இது ஆலையில் மருந்து காயவைக்கிற தட்டுதான், கேட்காமல் எடுத்து வந்துவிட்டார் என்று முடிவு செய்தேன். பிள்ளைக்குப் பல் முளைக்கிற நேரம். கைப்பிடியைக் கடிக்காமல் இருப்பானா?

மகளுக்குப் போன் போட்டேன். “அந்தப் பலகை எங்க உள்ளது?”

“நல்ல பலகைதாம்மா. நீ செய்யி” என்று சட்டென்று வைத்துவிட்டாள். இவளும் கூட்டா என்று அவள் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

பலகைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வீட்டைவிட்டுத் தள்ளி வேலியோரம் சாய்த்தேன். மரக்கடையில் வேப்பம்பலகை வாங்கி நடைவண்டியைச் செய்து முடித்தேன்.

சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் ஆலை இருந்தது. அரைநாள் வேலை முடிந்து, வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு மருமகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வண்டியைத் தடவிப் பார்த்தவர் முகம் மாறியது.

“இது நான் கொண்டாந்த பலகை இல்லையே!”

கதவுக்குப் பின்னால் இருந்து மகளிடம் சொன்னேன். “அது மருந்துத் தட்டுதான? சீவலப் போட்டா பச்சையா எரியுது.”

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மருந்துத் தட்டா? அது எங்க வீட்டுக் கட்டிலும்மா! காலு ஒடைஞ்சுபோச்சு. ஒடைஞ்ச கட்டிலையா மாமியார் வீட்டுக்குக் கொண்டு போறதுன்னு இவுகளுக்கு ஒரே வெக்கம். சொல்லாதன்னுட்டாக.”

“என்னையக் களவாணி ஆக்கிட்டீகளே, அத்த!” என்று மருமகனும் சிரித்தார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. வீட்டுக் கட்டில் எப்படிப் பச்சையாக எரியும்?

“கட்டில்ல என்ன போட்டு வைப்பீக?” என்று மகளிடம் கேட்டேன்.

“என்னத்தப் போடுவோம்? வேலவிட்டு வந்ததும் இவுக சட்டையக் கழட்டி எறிவாக. அப்படியே புள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டுப் படுத்துருவாக.”

பேரன் அப்போதும் அப்பன் இடுப்பில்தான் இருந்தான். சட்டைக் காலரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. மருமகன் எதிரில் நின்றேன்.

“மாப்ள, புள்ளைய எறக்குங்க. சட்டையெல்லாம் மருந்து. குளிச்சுட்டுத் தூக்குங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் காலரைக் குனிந்து பார்த்தார். பிள்ளையை இறக்கிவிட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டு குழாயடிக்குப் போனார். மகள் அந்தச் சட்டையை எடுத்து என் கட்டிலில் போடப் போனாள்.

“ஏளா, அங்கன போடாத” என்றேன்.