மீனைத் தூக்கியவன்

போன மாதம் மலாக்காவில் ஒரு தூண்டில் கடைக்குள் நுழைந்தேன். இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு மறுபடியும் மீன் பிடிக்கப் போகிறேன் என்று அதற்கு முந்தின நாள் வீட்டில் அறிவித்திருந்தேன். என் மனைவி கமலா பாத்திரம் கழுவுவதை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"எண்பது வெள்ளிக்குள்ள வாங்கிக்கங்க. நீங்க எந்தத் தூண்டில் வாங்கினாலும் மீனுக்கு ஒரு ஆபத்தும் வரப்போறதில்லலா."

கடைக்காரர் என்ன மீனுக்கு என்று கேட்டார். "பீகோக் பாஸ்" என்றேன். கேட்காமலே இரண்டு கைகளையும் அகல விரித்து அளவும் காட்டினேன். அவர் மரியாதையோடு ஜப்பான் தூண்டில் ஒன்றை எடுத்து வைத்தார். என்னிடம் இருப்பது எண்பது வெள்ளிதான் என்று நான் சொன்னபோது கைகள் தாமாகவே கொஞ்சம் நெருங்கி வந்துவிட்டன. ஜப்பான் உள்ளே போய், மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்று வெளியே வந்தது. அதோடு இலவசமாக ஒரு ரப்பர் மீன். அந்தப் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தேன். நீங்களாக இருந்தாலும் மோந்திருப்பீர்கள்.

சூடான பிளாஸ்டிக் வாசனை. அது எனக்குப் புக்கிட் ரம்பாய் வாசனை.

அங்கே பிளாஸ்டிக் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். முதல் போனஸில் தூண்டில், ரீல், பதினாறு அறைகள் உள்ள பெட்டி, பாக்கெட்டுகள் வைத்த சட்டை எல்லாம் வாங்கினேன். மீன் மட்டும்தான் பாக்கி. கேன்டீனில் நான் பேசுவதைக் கேட்டால், மலாக்கா ஆற்றில் மீன்கள் என் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டுவதாகத் தோன்றும். கமலா அப்போது என் மனைவி இல்லை. பொருள்களில் குறை இருக்கிறதா என்று பரிசோதிக்கும் பிரிவில் இருந்தாள். ஒருநாள் என் பேச்சிலும் குறை கண்டுபிடிக்க முடிவு செய்தாள் போலிருக்கிறது.

"எங்க தோட்டத்துக் குளத்துல பீகோக் பாஸ் நிறைய கெடக்கு. ஞாயித்துக்கிழமை வாங்களேன், பார்ப்போம்" என்றாள்.

மெர்லிமாவ் தாண்டி உள்ளே போனால், அவள் குடும்பம் தொழிலாளர் லயன் வீட்டில் குடியிருந்த தோட்டம். செம்பனைக் கன்றுகளுக்குத் தண்ணீர் இறைக்க வெட்டிய குளம் அது. யாரோ எப்போதோ விட்ட மீன்கள் அதில் பெருகிக் கிடந்தன. துணைக்கு, என்னோடு வேலை செய்த நண்பன் சேகரைக் கூட்டிப்போனேன். கமலாவுக்குத் துணையாக அவள் அம்மா குடையும் முறுக்கு டின்னுமாக வந்து உட்கார்ந்தார். மீனைவிட என்னையே அதிகம் கவனித்தார்.

முதல் வீச்சில் என் தூண்டில் செம்பனை மட்டையைப் பிடித்தது. இரண்டாவதில் சேகரின் தொப்பியை. அதன் பிறகு ரீலுக்குள் நூல் சிக்கி, அதைப் பிரிப்பதே என் வேலையாயிற்று. கமலாவிடம் தூண்டிலே இல்லை. பால் டின்னில் சுற்றிய தங்கூசி நைலான் நூல், நுனியில் மீனை ஏமாற்ற ஒரு தேக்கரண்டியின் தலையை வெட்டிச் செய்த மினுக்கு, அதில் ஒரு கொக்கி. அவ்வளவுதான். அதைச் சுழற்றி வீசி வெறும் கையால் இழுத்தாள். பத்து மணி வெயிலில் தண்ணீர் வெடித்தது.

மஞ்சளும் பச்சையுமாக, முதுகில் கறுப்புப் பட்டைகளும் வாலில் மயிற்கண்ணுமாக, என் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன். நூல் அறுத்து அவள் விரல்களில் ரத்தம் வழிந்தது. "கொஞ்சம் பிடிங்களேன்" என்று மீனை என்னிடம் நீட்டினாள். சேகர் என் கேமராவில் ஒரு படம் எடுத்தான்.

படத்தைக் கழுவி கேன்டீனுக்குக் கொண்டுபோனேன். "நீயா பிடிச்சே?" என்று கேட்டார்கள். நான் பொய் சொல்லவில்லை. "பின்னே?" என்றுதான் சொன்னேன். மதியத்துக்குள் படம் அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டது. மேனேஜர் கை குலுக்கினார். சேகர் கூரையைப் பார்த்துக்கொண்டு மீ நூடுல்ஸ் பிரட்டல் சாப்பிட்டான். கமலா படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

"உங்க மூஞ்சி நல்லா விழுந்திருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் அவள் சூப்பர்வைசர் சத்தம் போடுவது ஸ்டோர் வரை கேட்டது. கட்டுப் போட்ட விரல்களோடு அவளுக்கு வேலை ஓடவில்லை. என்ன காயம் என்று கேட்டார். மீன் பிடித்ததில் வந்தது என்றாள். அவர் சிரித்துவிட்டார். "மீனு பிடிச்சது அவன், காயம் உனக்கா? கதை விடாத மா." எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் வாய் திறந்து என் பெயரைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நான் பெட்டிகளை எண்ணினேன். நாற்பது பெட்டிகள். நான்கு தடவை எண்ணினேன், ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு வந்தது.

சாப்பாட்டு மணி அடித்ததும் போய், எல்லோரும் பார்க்கப் படத்தின் கீழே பெரிய எழுத்தில் எழுதினேன்: 'பிடித்தது கமலா. நான் தூக்கியது மட்டும்தான்.'

அதன் பிறகு அந்தத் தொழிற்சாலையில் என் பெயர் 'தூக்கி'. லோரி டிரைவர்கள்கூட, "தூக்கி இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஸ்டோருக்குள் வருவார்கள். கமலா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை திரும்பப் போறேன். தூக்க ஆள் வேணும்லா."

அப்படித்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. பிறகு பிள்ளைகள், பள்ளிக்கூடம், டியூஷன் என்று ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாகப் போயின.

எண்பது வெள்ளித் தூண்டிலோடு போன ஞாயிறு இருவரும் மெர்லிமாவ் பக்கம் போனோம். தொழிற்சாலை மூடி வெகுகாலம் ஆகிறது என்று தெரியும். தோட்டத்தைத்தான் நம்பிப் போனேன். செம்பனை இல்லை. லயன் வீடுகள் இல்லை. வரிசையாக ஒரே மாதிரி மாடி வீடுகள். இரண்டு தடவை சுற்றி வந்து, கடைசியில் ஒரு வீட்டு வாசலில் காரை நிறுத்தினோம். இடுப்பில் கைலிச் சாரம் கட்டிய ஒருவர் வெளியே வந்தார். இங்கே ஒரு குளம் இருந்ததே என்று கேட்டேன்.

"குளமா? இங்கயா?" என்றார். "அதானே பார்த்தேன், மழை பேஞ்சா ஹால்ல டைல்ஸ் எல்லாம் எழும்பி நிக்குது!"

கமலா கேட்டுக்கு அருகே போய், இப்படியும் அப்படியும் பார்த்து அளந்தாள். பிறகு கை நீட்டிக் காட்டினாள்.

"உங்க காடி நிக்குதே அண்ணே, அங்கதான் ஆழம் ஜாஸ்தி."

அவர் சட்டென்று குனிந்து தன் காருக்கு அடியில் பார்த்தார். நாங்களும் குனிந்து பார்த்தோம். சிமெண்டு காய்ந்து வெளுத்துக் கிடந்தது.